ஒரே தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து?

அமெரிக்காவில் இலையுதிர் காலத்து மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது, ரைஃபிளை வீட்டில் வைத்துவிட்டுக் கைத்துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் இருப்பது போலீஸ்காரர் இடுப்பில் பார்க்கும் வகை அல்ல. 14 அங்குலக் குழலும் மேலே தொலைநோக்கியும் கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் ஏற்கும் துப்பாக்கி அது. வாரன் சென்டர் வடிவமைத்து 1967-இல் வெளிவந்த 'தாம்சன்/சென்டர் கன்டெண்டர்'தான் இந்த வகையைப் பரவலாக்கியது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைப் பின்னால் இழுத்தால் குழல் மடிந்து திறக்கும். கீல் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் குழலையே கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். அதனால் அதே கைப்பிடியில் சின்னஞ்சிறு .22 முதல், 1873-இல் ராணுவத்துக்காகப் பிறந்த .45-70 வரை எத்தனையோ தோட்டாக்களைச் சுட முடிகிறது. எதைத் தேர்வது என்ற விவாதம் ஓயாமல் நடப்பதும் இதனால்தான். துப்பாக்கி தாங்குகிற மட்டும் வலுவான ரைஃபிள் தோட்டாவைத் தேடிப் போவதுதான் பலருடைய வழக்கம். அது தவறு என்பதும், அந்தத் தவறுக்கான விலையை மான் கொடுக்கிறது என்பதும் என் வாதம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடைசெய்துவிட்ட இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவருக்கு, மானைச் சுடுவதே எதற்கு என்று தோன்றும். நியாயமான கேள்வி, ஆனால் அது தனி விவாதம். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் சுடுகிறவருக்கு, அந்த உயிர் துடித்துக் கிடக்காமல் உடனே அடங்கச் செய்யும் கடமை இருக்கிறது. தோட்டாத் தேர்வை நான் பார்ப்பது அந்தக் கடமையின் பக்கத்திலிருந்துதான்.

தோட்டாவில் உள்ள மருந்து பற்றிக்கொண்டதும், குண்டு முதல் சில அங்குலங்களைக் கடப்பதற்குள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. மிச்சக் குழல் முழுக்க, விரியும் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டே போவதற்கான இடம். ரைஃபிளில் அதற்கு 22, 24 அங்குலம் கிடைக்கும். 14 அங்குலத்தில் குழல் முடிந்துவிட்டால், இன்னும் வேலை செய்யக்கூடிய வாயு குண்டின் பின்னாலேயே வெளியே பாய்ந்து, பேரோசையாகவும் தீச்சுவாலையாகவும் வீணாகிறது. ஒரே விட்டமுள்ள குழலில் தோட்டாவின் உறை பெரிதாகி மருந்து கூடக் கூட இந்த விரயமும் கூடும். ரெமிங்டன் நிறுவனம் இதை அனுபவத்தில் கண்டுகொண்டது. 1963-இல் வெளியிட்ட எக்ஸ்பி-100 கைத்துப்பாக்கியை அது முதலில் .222 ரெமிங்டன் தோட்டாவுக்காகத்தான் உருவாக்கியது. பதினோரு அங்குலம்கூட இல்லாத குழலில் அந்தத் தோட்டாவின் ஓசையும் சுவாலையும் தாங்க முடியாமல் போகவே, உறையைக் குட்டையாக்கி .221 ஃபயர்பால் என்ற புதுத் தோட்டாவைச் செய்தார்கள். குழலின் அளவுக்குத் தோட்டாவைக் குறைத்த அந்த முடிவு, அறுபது ஆண்டுகள் கழிந்தும் சரியாகவே இருக்கிறது.

அடுத்தது உதை. அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், பின்னோக்கி வரும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகும். ரைஃபிளில் அதைத் தோள் வாங்கிக்கொள்ளும். இங்கே மணிக்கட்டும் முழங்கையும்தான் வாங்க வேண்டும். வலியைவிடப் பெரிய கேடு, அந்த வலியை உடம்பு நினைவில் வைத்துக்கொள்வது. நாலு முறை பலமாக உதை வாங்கியவருக்கு, ஐந்தாவது முறை விசையை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடும், விரல் வெடுக்கென்று இழுக்கும், குழல்முனை சற்றே தாழும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 8 அங்குல அகலம். தோளில் ஊன்றும் கட்டை இல்லாத துப்பாக்கியில், முனை மயிரிழை தாழ்ந்தாலும் குண்டு அந்த வட்டத்தை விட்டு விலகி முன்னங்காலையோ வயிற்றையோ கிழிக்கும். வயிற்றில் குண்டு பட்ட மான் மணிக்கணக்கில் ஓடி, புதருக்குள் கிடந்து சாகும். மறு தோட்டா போட்டுக் குறிபார்ப்பதற்குள் அது கண்ணில் இருந்து மறைந்திருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவைப் பற்றிய வாதம். கன்டெண்டரின் உடல் அதன் அழுத்தத்தைத் தாங்காது. ஆனால் தாம்சன்/சென்டர் பின்னால் வெளியிட்ட 'என்கோர்' தாங்கும். .308-இன் 150 கிரெயின் எடையுள்ள குண்டு, 24 அங்குலக் குழலில் விநாடிக்கு 2,820 அடி வேகத்தில் பாயும். 15 அங்குலக் குழலில் 300 அடி போனாலும் 2,500 மிஞ்சும். நான் பரிந்துரைக்கும், 1895-இல் வந்த .30-30 வின்செஸ்டரோ முழு ரைஃபிளிலேயே 2,390 அடிதான். 14 அங்குலத்தில் ஏறக்குறைய 2,100. வீணானது போக மிஞ்சியதே அதிகம் என்றால் ஏன் விட வேண்டும் என்கிறார்கள். கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த 400 அடியால் கிடைப்பது தூரம். 200 கெஜத்துக்கு அப்பால் மானை வீழ்த்தும் ஆற்றல் குண்டில் இருந்து பயன் என்ன, அந்தத் தூரத்தில் 8 அங்குல வட்டத்தைக் காட்டுச் சூழலில் அடிக்கும் உறுதி கையில் இல்லாதபோது? ஆற்றலே போதாது என்றும் சொல்ல முடியாது. கொலராடோ மாநிலம் கைத்துப்பாக்கி வேட்டைக்கு 50 கெஜத்தில் கேட்பது 550 அடி-பவுண்டு. 14 அங்குலக் குழலில் இருந்து புறப்பட்ட .30-30 குண்டு அங்கே அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் வைத்திருக்கும். மானைவிடப் பல மடங்கு பெரிய எல்க் வேட்டைக்கு, ஆண்டுக்கணக்கில் பழகிய கை .308-ஐ எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

"வலுவான தோட்டா என்றால் குறி கொஞ்சம் தவறினாலும் மான் விழும்" என்ற பேச்சைத்தான் ஏற்கவே முடியவில்லை. வயிற்றில் பட்ட குண்டு எந்தத் தோட்டாவில் இருந்து வந்தாலும் வயிற்றில் பட்டதுதான். குறி தவறுவதற்குக் காரணமான உதையையே கூட்டிவிட்டு, தவறினால் பார்த்துக்கொள்ளலாம் என்பது எப்படிப் பொருந்தும்?

தோட்டாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் அதன் நுனியில் உள்ள குண்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ரைஃபிளுக்கான வேட்டைக் குண்டுகள் பல, விநாடிக்குச் சுமார் 1,800 அடி வேகமாவது இருந்தால்தான் உடலுக்குள் சரியாக மலரும். இல்லாவிட்டால் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். குட்டைக் குழலில் புறப்பட்ட .30-30 குண்டு, 100 கெஜத்தை ஒட்டியே அந்த வரம்பைத் தொட்டுவிடும். அதனால் மெல்லிய உறையுள்ள, குறைந்த வேகத்தில் மலரும் குண்டு தேவை. ஹார்னடி போன்ற நிறுவனங்கள் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிக்கென்றே அப்படிக் குண்டுகள் செய்திருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு. நெம்புகோல் ரைஃபிளின் நீள்குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும்; கூர்நுனி முன்னுள்ள தோட்டாவின் வெடிமூட்டியைக் குத்திவிடலாம் என்பதால் .30-30-க்குக் காலம்காலமாக மழுங்கிய நுனிக் குண்டுகளையே போட்டார்கள். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு அந்த அச்சம் இல்லை. வேகத்தை மெதுவாக இழக்கும் கூர்நுனிக் குண்டையே போடலாம். பெரிய தோட்டாவைத் தேடி ஓடுவதற்குப் பதில் சரியான குண்டைத் தேர்ந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இவ்வளவு வரம்பு இருந்தால் ரைஃபிளையே எடுத்துப் போகலாமே என்று கேட்கலாம். தாராளமாகப் போகலாம். கைத்துப்பாக்கியை விரும்புகிறவர் வில்லேந்திப் போகிறவரைப்போலத் தனக்குத் தானே கடினத்தை விதித்துக்கொள்கிறார். கிட்ட நெருங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், வாய்ப்புச் சரியில்லாவிட்டால் மானைப் போகவிட வேண்டும். அந்தக் கடினம் அவரோடு நிற்க வேண்டும். தோட்டாவின் பலத்தால் அதைச் சரிக்கட்ட முயன்றால் சுமை மானின் மேல் ஏறுகிறது.

ஆகவே, மான் வேட்டைக்கு இந்தத் துப்பாக்கியை வாங்குகிறவர் .30-30-இல் தொடங்கட்டும், அல்லது அதன் கழுத்தைச் சுருக்கி கென் வாட்டர்ஸ் உருவாக்கிய 7-30 வாட்டர்ஸை எடுக்கட்டும். பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களுக்குச் செலவிடட்டும். காட்டில் கிடைக்கும் சாய்மானத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 100 கெஜத்தில் 8 அங்குலத் தட்டை ஒவ்வொரு முறையும் அடிக்க முடியாதவர், முடிகிற வரை மானைக் குறிபார்க்க வேண்டாம்.