ஊர் வாயை அறிந்தவர் யார்?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள்.

மூட வேண்டாம். அந்த வாயை நல்ல காரியத்துக்குத் திருப்பினால் என்ன?

நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை விலை ஏறுகிறது. அந்தச் செய்தி பூக்கூடை வீடு திரும்புமுன் சுற்றுக் கிராமங்களுக்குப் போய்விடுகிறது! ஆனால் "நாளை தடுப்பூசி போடுகிறார்கள்" என்ற செய்தி பக்கத்துத் தெருவுக்குப் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு.

ஏன்? அதிகாரிகள் ஊருக்குள் வந்ததும் பெரிய வீட்டைத் தேடுகிறார்கள். பெரியவரிடம் சொல்லிவிட்டால் ஊருக்கே சொன்னதாக நினைக்கிறார்கள். இது தவறான கணக்கு என்பது என் கருத்து.

213 கிராமங்களில் சோதனை

2019-ம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொண்டவர்களில் இருவர் அபிஜித் பானர்ஜியும் அவர் மனைவி எஸ்தர் டஃப்லோவும். இவர்களும் நண்பர்களும் கர்நாடகத்தில் 213 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள்.

"இந்த எண்ணுக்குப் போன் செய்தால் பரிசு கிடைக்கலாம். எத்தனை பேர் போன் செய்தாலும் யாருடைய வாய்ப்பும் குறையாது." இதுதான் செய்தி. இதை ஒவ்வொரு ஊரிலும் சிலரிடம் மட்டும் சொன்னார்கள்.

சில ஊர்களில் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார்கள். சில ஊர்களில் குலுக்கல் முறையில் எடுத்தவர்களிடம் சொன்னார்கள். மற்ற ஊர்களில் முதலில் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஒரு சேதி ஊர் முழுக்கப் பரவ வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும்?" மக்கள் காட்டியவர்களிடம் சேதியைச் சொன்னார்கள்.

முடிவு என்ன தெரியுமா?

பெரியவர்களிடம் சொன்ன ஊர்களில் சராசரியாக 7 போன்கள்தான் வந்தன. குலுக்கல் முறையில் எடுத்தவர்களிடம் சொன்ன ஊர்களில் 8. மக்கள் காட்டியவர்களிடம் சொன்ன ஊர்களிலோ ஏறக்குறைய 12!

அந்தஸ்து வேறு, சேதி பரப்பும் திறமை வேறு. குழாயடியில் நாலு தெருப் பெண்களோடும் பேசுகிறவரை, எல்லா வீட்டுக்கும் துணி தைக்கிறவரை ஊர் அறியும். அதிகாரி அறியமாட்டார். கேட்டால் தெரியும்!

சைக்கிள் ஏறிய பெண்கள்

ஆனால் சேதி பரவுவது வேறு. பழக்கம் பரவுவது வேறு.

சேதி பரவ ஒரு வாய் போதும். புதிய பழக்கத்துக்கு ஒருவர் சொன்னால் போதாது. "அவளும் செய்கிறாள், இவளும் செய்கிறாள்" என்று நாலு பேரைப் பார்த்த பிறகே ஐந்தாவது ஆளுக்குத் துணிச்சல் வரும்.

இதற்குச் சாட்சி புதுக்கோட்டை. அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார்.

ஒரு பெண் தனியாகச் சைக்கிள் ஓட்டினால் தெரு சிரிக்கும். நூறு பெண்கள் சேர்ந்து ஓட்டினால் யார் சிரிப்பது? கூலிப் பெண்களும் குவாரிப் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள்! ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார்.

உயிரைக் குடித்த வதந்தி

நல்லது போகும் வழியில்தான் கெட்டதும் போகிறது.

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோவிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது!

காரணம், அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பரவியிருந்த பொய்ச் சேதி. அதே ஆண்டு ஜூலையில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. ஆனால் போன உயிர் வருமா?

ஒரே பொய்யை ஐந்து பேர் அனுப்பினால் ஐந்து சாட்சிகள் போலத் தோன்றும். அந்த ஐந்து பேரும் ஒரே இடத்திலிருந்து பெற்றிருப்பார்கள். உண்மையில் அது ஒரு சாட்சிகூட இல்லை.

என்ன செய்யலாம்?

நம் திண்டுக்கல் சீமைக்கு இது புதிய பாடமல்ல. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஊரோடு பழகி, ஊரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே சுகாதாரமும் கல்வியும் பேச வேண்டும் என்பதே அங்கே கொண்ட நெறி.

ஆகவே அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. பெரியவருக்கு வணக்கம் சொல்லுங்கள். மரியாதை குறைய வேண்டாம். பிறகு பத்து வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். மக்கள் காட்டுகிறவரிடம் சேதியைக் கொடுங்கள். அவர் செலவழிக்கும் நேரத்துக்கு ஒரு சிறு தொகையும் கொடுங்கள். புதிய பழக்கமென்றால் தெருவுக்கு நாலு பேரை ஒன்றாகத் தொடங்கச் செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயமுறுத்தும் சேதி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒன்று கேளுங்கள்: "இதை நேரில் கண்டவர் யார்?"

பதில் இல்லையென்றால் சேதி உங்களோடு நிற்கட்டும். ஊர் வாயை மூட முடியாது. நம் வாயை மூட நம்மால் முடியும்!