நான்கெல்லை போட்டு நம் பெயரை அச்சடிப்பார்கள். அவர்கள் பெயர் மட்டும் ரகசியமாம்!

அபிஷேகப்பாக்கம் பேட்டில் ஒரு வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டு அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டுக்காரர் சென்ட்ரிங் தொழிலாளி. அரசு கொடுத்த வீட்டு மானியம் லிண்டல் மட்டத்தோடு தீர்ந்துவிட்டது. மேல்தளம் போட ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் நான்கு லட்சம் வாங்கினார்கள். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினார்கள். பிறகு அவர் சாரத்திலிருந்து விழுந்தார், தவணை நின்றது.

90 நாள் தவணை கட்டாவிட்டால் அது வாராக்கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ். அதன் பிறகு நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தலாம். கையகப்படுத்தும் அறிவிப்பு நாளிதழில் வந்தது: அக்காவின் பெயர், கணவர் பெயர், சர்வே எண், பாக்கித் தொகை, நான்கெல்லை. "நாங்க யாரு குடியைக் கெடுத்தோம்னு பேப்பர்ல பேர் போட்டாங்க?" என்று அக்கா கேட்டார்.

அந்த நிறுவனத்தின் கிளைக்கு நாங்களும் போனோம். அபராத வட்டியை மட்டுமாவது தள்ளுபடி செய்யுங்கள், அசலையும் வட்டியையும் பிரித்துக் கட்டுகிறோம் என்றோம். "சிஸ்டம் ஏத்துக்காதுங்க" என்றார்கள்.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏழைக்கு ஏற்றுக்கொள்ளாத அந்த சிஸ்டம் யாருக்கெல்லாம் ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். பெரிய வாராக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி வசூலிக்க ஒரு தனி நிறுவனம். பத்திரிகைகள் அதை 'பேட் பேங்க்' என்றன. அதே ஆண்டு ஜூலையில் தேசிய சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் (என்ஏஆர்சிஎல்) பதிவானது. செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அதற்கு 30,600 கோடி ரூபாய் அரசு உத்தரவாதம் கொடுத்தது. சுமார் 2 லட்சம் கோடி ரூபாய் கடனை அது வாங்கும் என்றார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பெரிய கம்பெனி வங்கிக்கு 100 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கடனை இந்த நிறுவனம் 20 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 20இல் 15 விழுக்காடு, அதாவது 3 ரூபாய் மட்டும் ரொக்கம். மீதி 17 ரூபாய்க்குப் பத்திரம். வசூல் குறைந்து அந்தப் பத்திரத்தில் துண்டு விழுந்தால் ஈடுகட்டுவது அரசு. அரசுப் பணம் என்றால் யார் பணம்? அக்கா போன் ரீசார்ஜ் செய்யும்போது கட்டும் ஜிஎஸ்டியும் அதில்தான் இருக்கிறது. 80 ரூபாய் என்ன ஆனது என்கிறீர்களா? அதற்கு 'ஹேர்கட்' என்று செல்லப்பெயர். மொட்டை போடப்பட்டது பொதுமக்கள் பணத்துக்கு.

இது கற்பனைக் கணக்கு இல்லை. ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் என்ற கட்டுமான, மனைத்தொழில் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர்கள் கேட்ட தொகை சுமார் 57,000 கோடி ரூபாய். பாரத ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிகள் தங்கள் கடனை என்ஏஆர்சிஎல்லுக்கு விற்றுவிட்டன. 2025 நவம்பரில் கடன் கொடுத்தோர் குழு, சுமார் 14,500 கோடி ரூபாய்க்கான அதானி குழுமத்தின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நாலில் ஒரு பங்கு! இதே கணக்கை அக்காவுக்குப் போட்டால் நான்கு லட்சம் கடனுக்கு ஒரு லட்சம் கட்டினால் போதும். அவருக்கோ அபராத வட்டியைக்கூடக் குறைக்க முடியாதாம்.

வங்கிக் கணக்கிலிருந்து நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு. கடன்காரர் கட்டியே ஆக வேண்டும் என்பது அரசின் வழக்கமான பதில். சரி, அரசு சொன்ன எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, அதற்கு முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் நீக்கிய கடன் சுமார் 10.09 லட்சம் கோடி. நீக்கிய கடன்களிலிருந்து திரும்ப வசூலானது சுமார் 1.32 லட்சம் கோடி. கட்டியே ஆக வேண்டும் என்று சொல்கிற கடனில் நூற்றுக்கு 13 ரூபாய்!

யார் அந்தக் கடன்காரர்கள் என்று உறுப்பினர்கள் கேட்டால், ரிசர்வ் வங்கிச் சட்டம் 45இ பிரிவைக் காட்டி, தனித்தனி கடன்காரர் விவரம் தர முடியாது என்று நிதியமைச்சகம் பதில் சொல்கிறது. வங்கிகளைப் பற்றிய தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மறைக்கக் கூடாது என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகும் இதுதான் நிலை. நான்கு லட்சம் பாக்கிக்கு நான்கெல்லை போட்டு நாளிதழில் அறிவிப்பு. நாலாயிரம் கோடி பாக்கிக்கு ரகசியக் காப்பு. இரண்டும் இந்த நாட்டுச் சட்டம்தான்.

சாதி இதில் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வயல் இல்லை, கடை இல்லை. பல தலைமுறைக் கூலிக்குப் பிறகு கைக்கு வந்த முதல் சொத்து இரண்டு சென்ட் மனைப்பட்டா. அடமானம் வைக்க அது ஒன்றுதான். அது போனால் திரும்ப வாராது. பெருமுதலாளிக்கோ ஒரு கம்பெனி போனால் ஒன்பது கம்பெனி. சொத்தே இல்லாமல் ஆக்கப்பட்டவர்களிடம் சட்டம் கறாராகவும், சொத்தைக் குவித்தவர்களிடம் தாராளமாகவும் இருந்தால் அதற்குச் சாதி என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது?

இதையெல்லாம் நாடாளுமன்றம் கேட்க முடியாதா? முடியும். அயர்லாந்தில் கேட்டார்கள். அங்கே 2009இல் இதே போல 'நாமா' என்ற அரசு முகமையை அமைத்தார்கள். 74 பில்லியன் யூரோ மனைத்தொழில் கடன்களை அது சுமார் 32 பில்லியனுக்கு வங்கிகளிடம் வாங்கியது. 2014இல் வட அயர்லாந்து தொடர்பான கடன்களை மொத்தமாக ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. அந்த விற்பனையில் முறைகேடு என்று 2015இல் ஓர் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். 2016இல் தணிக்கை அதிகாரி, 190 மில்லியன் பவுண்டு வரை இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்றார். முகமை மறுத்தது. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு முகமையின் தலைவரையும் நிதியமைச்சரையும் அழைத்து, மக்கள் பார்க்கக் கேள்வி கேட்டது. 2017இல் அறிக்கை வெளியிட்டது. போன பணம் திரும்பி வந்ததா என்பது வேறு கதை. ஆனால் எந்தக் கடன், எவ்வளவுக்கு, யாருக்கு என்பதற்கு அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நம் நாடாளுமன்றத்துக்கும் அந்தப் பல் உண்டு. 2021 ஆகஸ்டில் நிதித்துறை நிலைக்குழு, திவால் சட்டத்தில் 95 விழுக்காடு வரை ஹேர்கட் போவதைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. அதன் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். தலைமைத் தணிக்கை அதிகாரிதான் அரசமைப்புச் சட்டத்திலேயே மிக முக்கியமான அதிகாரி என்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் வாதாடினார். பொதுப்பணத்துக்குக் காவல் இல்லையென்றால் முதலில் காயப்படுவது யார் என்று அவருக்குத் தெரியும். என்ஏஆர்சிஎல்லில் பொதுத்துறை வங்கிகளின் பங்கு 51 விழுக்காடு. ஆனால் வாங்கிய கடனைக் கையாளும் தனி நிறுவனத்தில் பொதுத்துறைப் பங்கு 49ஐத் தாண்டக் கூடாது என்று வகுத்தார்கள். உத்தரவாதம் பொதுப்பணம், வேலையைப் பார்க்கும் நிறுவனத்தில் பெரும்பான்மை தனியார். ஏன் இந்த ஏற்பாடு?

எங்கள் கோரிக்கைகள் இவை. இரண்டு நிறுவனங்களின் கணக்கையும் தலைமைத் தணிக்கை அதிகாரி முழுமையாகத் தணிக்கை செய்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு கடனுக்கும் அசல் பாக்கி, வாங்கிய விலை, வசூலான தொகை, கடன்காரர் பெயர் ஆகியவை வெளிவர வேண்டும். பொதுக்கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கொடுக்கும் சலுகையில் ஒரு பங்காவது ஒற்றை வீடு மட்டும் வைத்திருக்கும் கூலிக் குடும்பங்களின் சிறு வீட்டுக்கடனுக்கும் வேண்டும்.

புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். இருவரும் வேறு வேறு கட்சி. ஆளுக்கொரு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி போடட்டும். அதற்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நம் சட்டமன்றத்துக்கும் வேலை இருக்கிறது. புதுச்சேரி அரசு நிறுவனங்கள் பல, வருடக்கணக்கில் கணக்கு முடிக்காமல் வைத்திருப்பதைத் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மூன்று மாதம் பிந்திய அக்காவுக்குச் சுவரில் நோட்டீஸ். அந்த நிறுவனங்களின் கதவில் ஒட்டப்போவது யார்?

2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்காத ஊர் நம்முடையது. நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. ஆகையால் நாமே கேட்போம். நோட்டீஸ் வந்த வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு உள்ளே உட்கார வேண்டாம். நகலை எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி இரண்டு உறுப்பினர்களின் மேசையிலும் வைப்போம். அந்தக் கட்டின் மேலே ஒரே வரி எழுதுவோம்: எங்கள் பெயரை நீங்கள் போட்டுவிட்டீர்கள், அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

ஜெய் பீம்!