கண்டக்டர் கையில் வாள் எதுக்கு?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸில் ஆணி அதிகம், வீட்டில் அதைவிட அதிகம். இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் கோபம். யார் மேலேன்னு கடைசியில் சொல்றேன்.

மேட்டர் இதுதான். எங்க ஊர்ப் பக்கம் வாரக்கடைசித் தமிழ் வகுப்பு ஒண்ணு நடக்குது. (பேர் வேண்டாம். நடத்துறவங்க எல்லாம் சம்பளம் வாங்காம உழைக்கிற நல்ல மனுஷங்க.) ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வச்சாங்க. மாயாஜால வீடியோ கேமுக்குச் சொந்தமா ஒரு கதாபாத்திரம் உருவாக்கணும், முதல் கிறுக்கலிலிருந்து முடிச்ச ஓவியம் வரைக்கும் எல்லாத்தையும் கொண்டுவரணும். அட, நம்மாளுங்களுக்கும் காலம் புரிஞ்சிடுச்சேன்னு எனக்கு ஒரே குஷி. எங்க வீட்டுச் சின்ன மேடம், வயசு பதிமூணு, மூணு மாசம் உட்கார்ந்து செஞ்சா.

நடுவரா வந்த அங்கிள் படத்தைப் பார்த்தார். "டிராயிங் சூப்பர்மா. ஆனா போயும் போயும் பஸ் கண்டக்டரா? ஒரு சோழ இளவரசி கிடைக்கலையா உனக்கு? கையில ஒரு வாளைக் குடு, தலையில கிரீடம் வை. ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உனக்குத்தான்."

அவ வைக்கலை. ப்ரைஸும் வரலை. அதுகூடப் போகட்டும். திரும்பி வரும்போது கார்ல பின் சீட்டிலிருந்து, "அப்பா, கண்டக்டர்னா கேவலமா?"ன்னு ஒரு கேள்வி வந்தது பாருங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். போன வருஷம் ஜூலையில் ஊருக்குப் போனப்போ, நாகர்கோவில்லேருந்து பொன்முடிக்கு ஒரு நாள் போனோம். திருவனந்தபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்ளதான். டாக்ஸி வேண்டாம், பஸ்ல போவோம்னு நான்தான் அடம்பிடிச்சேன். தங்கமணி முறைச்சாங்க. தம்பானூர்ல ஏறி, நெடுமங்காடு, விதுரா, கல்லாறு. கல்லாறு தாண்டினதும் கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்குது, மொத்தம் 22. பத்தாவது வளைவுக்குள்ளேயே மஞ்சு இறங்கி, ஜன்னலுக்கு வெளியே வெள்ளை பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எதிர்ல ஒரு வேன். ரெண்டு வண்டியும் நகர முடியலை. கண்டக்டர் ஒரு அம்மா, காக்கிச் சட்டை, தோள்ல பை. "ஆரும் இறங்கண்டா"ன்னு சொல்லிட்டு, அவங்க மட்டும் இறங்கி மஞ்சுக்குள்ள போனாங்க. ஆளே தெரியலை, குரல் மட்டும் வருது. அந்தக் குரலை நம்பி டிரைவர் இஞ்ச் இஞ்சா பின்னாடி எடுத்தார். அப்புறம் ஏறி, கயிறை ரெண்டு தடவை இழுத்தாங்க. டிங் டிங். வண்டி கிளம்பிடுச்சு. நாப்பது பேர் உசிரு அந்தக் கயித்துல இருந்தது.

என் பொண்ணு அந்த டிக்கெட்டின் பின்பக்கத்துலயே வரைய ஆரம்பிச்சுட்டா.

இப்போ அவ செஞ்ச வேலையைச் சொல்றேன். "கேம் பொம்மை வரையறது ஒரு வேலையா"ன்னு கேக்கிறவங்க இதைக் கண்டிப்பாப் படிக்கணும்.

முதல்ல ஒரே ஒரு வரி. உடம்பு, உடை எதுவும் அதில் கிடையாது. "மஞ்சில் வழி தவறினவங்களை 22 வளைவு தாண்டி வீடு சேர்க்கிறவ." அவளுக்கு என்ன வேணும், எதுக்குப் பயம்? கடைசி ஆள் ஏறுறதுக்குள்ள மணி அடிச்சிடுவோமோங்கிறதுதான் பயமாம். இதைக் கேட்டப்பவே நான் கொஞ்சம் ஆடிப்போயிட்டேன்.

அடுத்து தேடல். இங்கே ஒரு தப்பு நடந்தது, ஒளிக்க மாட்டேன். முதல் வரைபடத்தில் தலையில் இறகு, முகத்தில் கோடு கோடா சாயம். காட்டுல இருக்கிறவன்னா அப்படித்தானாம்! எந்த கார்ட்டூன்லேருந்து வந்ததோ. உட்கார வச்சு ஒரு கதை சொன்னேன். பொன்முடி, அகத்தியமலைக் காடுகள்ல காணிக்காரங்க இருக்காங்க. 1987ல் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் நடந்து நடந்து நாக்குத் தள்ளிக் கிடந்தப்போ, வழிகாட்டிகளா வந்த காணிக்காரங்க களைப்பே இல்லாம நடந்தாங்க. அவங்க தின்னுக்கிட்டு வந்த சின்னக் காய்தான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடுல இருக்கிற தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி'ன்னு ஒரு மருந்து செஞ்சது. கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுக்குத் தயாரிப்பு உரிமை குடுத்து வாங்கின 10 லட்ச ரூபாயிலும், 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணிக்காரங்களுக்குன்னு முடிவாச்சு. அதுக்காக 1997ல் ஒரு டிரஸ்ட்டும் வந்தது. அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு, எல்லா ஊர்க் காணிக்காரங்களையும் கேட்டாங்களான்னு சண்டையும் உண்டு. ஆனா அடுத்தவன்கிட்டேருந்து எடுத்தா அவனுக்குப் பங்கு குடுக்கணும்கிற நினைப்பாவது இருந்தது. நாம அவங்க முகத்தை எடுத்து, அவங்க வைக்காத இறகையும் வச்சு, அதுக்கு 'சொந்தக் கற்பனை'ன்னு பேர் வச்சா எப்படி?

இறகு போச்சு. "அப்போ எனக்குத் தெரிஞ்சதை மட்டும் வரையறேன்"னா. அவளுக்குத் தெரிஞ்சது அந்த பஸ், அந்த அம்மா, அப்புறம் கால்ல ஏறின அட்டை. (தங்கமணி போட்ட கூச்சல் நெடுமங்காடு வரைக்கும் கேட்டிருக்கும்.) அதனால கதாநாயகிக்கு முழங்கால் வரை இறுக்கிச் சுத்தின துணி, இடுப்பில் உப்புப் பை. வலது பக்கம் டிக்கெட் பை இருக்கிறதால உப்பு இடது பக்கம். ஏன் எதுக்குன்னு எல்லாத்துக்கும் பதில் இருக்கு. தோள்ல ஒரு குட்டித் தவளை. அது சும்மா அழகுக்கு இல்லை. பொன்முடி பேரையே வச்சு 2005ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான புதர்த் தவளை. அந்த வகைத் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரா குட்டித் தவளையாத்தான் வெளியே வரும். இவ கேம்ல அதுதான் மணி.

மூணாவது நிழலுருவம். முகம், கலர் எதுவும் இல்லாம வெறும் கறுப்பு மை. நாப்பது தடவை போட்டா. இது பிள்ளை விளையாட்டு இல்லை சாமி. 2007ல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமில் ஒன்பது பாத்திரத்தையும் வெறும் நிழலை வச்சே அடையாளம் தெரியிற மாதிரி வடிவமைச்சாங்க. ஓடுற ஓட்டத்தில் ஆடுறவனுக்கு முகம் பார்க்க நேரமில்லை. இப்போ சொல்லுங்க, வாளும் கிரீடமும் வச்ச நிழல் உலகத்தில் எத்தனை ஆயிரம் இருக்கும்? ஒரு கையைத் தூக்கிக் கயிறு பிடிச்சு, பையோடு ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிற நிழல் எத்தனை இருக்கும்? அங்கிள் குடுக்கச் சொன்ன வாள் அந்த ஒரே அடையாளத்தையும் வெட்டிப் போட்டிருக்கும்.

அப்புறம் கறுப்பு வெளுப்பு, கலர். மஞ்சுக்குள்ள காக்கி காணாம போயிடுது. முகத்தையும் கையையும் வெளிச்சமாக்கி, காலை இருட்டாக்கி, இடுப்பில் மட்டும் அந்த பஸ்ஸோட சிவப்பில் ஒரு துணி கட்டினா. பார்க்கிறவன் கண்ணு நேரா மணிக்கயித்துக்குப் போகுது. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம்னு மூணு நிலை. கடைசியாத்தான் முழு ஓவியம். மூணு மாசம் ஆகாம என்ன செய்யும்?

சரி, இப்போ சண்டைக்கு வரேன்.

"நம்ம பெருமையைக் காட்ட வேண்டாமா?"ங்கிறாங்க. காட்டுங்க, நான் ஒண்ணும் சோழனுக்கு எதிரி இல்லை. ராஜேந்திரனை வரையணும்னா கல்வெட்டையும் செப்புச் சிலையையும் பார்த்து, அந்தக் காலத்துக் கப்பல் எப்படி இருந்ததுன்னு தேடி வரைங்க. நான் முதல் ஆளா கை தட்டுவேன். ஆனா நீங்க கேட்டது அது இல்லையே. எந்தப் பொம்மை தலையிலயும் வைக்கிற மாதிரி ஒரு கிரீடம் கேட்டீங்க. 1991ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கேமில் தால்சிம்னு ஒரு ஆள் வந்தானே, ஞாபகம் இருக்கா? கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு. சொந்த ஊர் கேரளாவாம்! பொன்முடி இருக்கிற அதே கேரளா. இந்தியான்னா சாமியார், மண்டையோடு, யானைன்னு அவங்க ஒரு லேபிளை ஒட்டினாங்கன்னு நமக்குக் கோபம் வருது. தமிழ்னா கிரீடம், வாள்னு நாம ஒட்டுறது மட்டும் லேபிள் இல்லையா?

அந்தக் காலத்து கேமோட ஒல்லியான வசதியிலேயே யோசிச்சவங்க இருக்காங்க. 1981ல் மரியோவை வரைஞ்ச மியாமோட்டோவுக்குக் கிடைச்சது கொஞ்சூண்டு புள்ளிகள். முடி வரைய முடியாதுன்னு தொப்பி, மூக்கைக் காட்டுறதுக்காக மீசை, கை அசையறது தெரியணும்னு தொழிலாளி போடுற உடுப்பு. உலகமே அடையாளம் தெரிஞ்சுக்கிற கதாநாயகன், முதல்ல ஒரு தச்சர், அப்புறம் பிளம்பர். யாரும் அவர் கையில் வாளைக் குடுன்னு கேக்கலை.

நம்ம பக்கமும் பாருங்க. 2020ல் புனேக்காரங்க செஞ்ச 'ராஜி' முழுக்க முழுக்கப் புராண கேம்தான். துர்க்கையே ஆயுதம் குடுக்கிறா. ஆனா அந்தக் கதாநாயகி சர்க்கஸ் வித்தை காட்டுற பொண்ணு. 2023ல் டொராண்டோவின் விசை கேம்ஸ் கொண்டுவந்த 'வெண்பா', கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாவின் கதை. அவ கையில் இட்லித் தட்டு. அடுத்த வருஷமே பாஃப்டாவில் அறிமுக கேமுக்கான விருது வாங்கிச்சு. அந்த இட்லித் தட்டைப் பார்த்து அழுத வெள்ளைக்காரங்களை எனக்கே தெரியும்.

அடுத்த அங்கிள்: "மூணு மாசம் எதுக்கு? ஏஐகிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தருமே." சரின்னு நானும் போட்டுப் பார்த்தேன். கேரள மலை, பஸ் கண்டக்டர், மாயாஜாலம்னு எழுதினேன். வந்தது ஒரு சினிமா அழகி, நெத்திச்சுட்டி, இடுப்பு நிறைய நகை, பின்னாடி யானை. உப்புப் பை இல்லை. இருக்காது, ஏன்னா அதுக்கு அட்டை கடிச்சதே இல்லையே :-)

கடைசியா அந்தப் 'போயும் போயும்'. இங்கேதான் நான் மாட்டிக்கிறேன்.

எங்க அப்பா கண்டக்டர். நாகர்கோவில் பக்கம் முப்பது வருஷம், அரசு பஸ். நம்ம பக்கம் கயிறு மணி கிடையாது, விசில்தான். ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா போலாம். கூட்டத்தில் நின்னு நின்னு கால் நரம்பு சுருண்டு, அந்தக் காசுலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன். காலேஜ் பாரத்தில் அப்பா தொழில்னு இருந்த இடத்தில் 'அரசு ஊழியர்'னு எழுதினேன். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் 'டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்'. என் பொண்ணுகிட்டே 'தாத்தா கவர்மென்ட் வேலை'. அத்தனையும் உண்மைதான். ஒண்ணுகூட உண்மையே இல்லை.

கார்ல அவ கேட்டப்போதான் முதல் தடவையா சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டா: "அப்போ அந்த அங்கிள்கிட்டே ஏன் நீ ஒண்ணும் சொல்லலை?"

அவர் சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன் மக்களே. சிரிச்சு மழுப்பினேன். கோபம் யார் மேலேன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

அதனால அங்கிள்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பிள்ளை படத்தை நீட்டினா, கிரீடம் எங்கேன்னு கேக்காதீங்க. இவ யாரு, என்ன வேலை செய்றா? இதை எங்கே பார்த்தே? யார்கிட்டேருந்து எடுத்தே, அவங்களைக் கேட்டியா? இந்த மூணைக் கேளுங்க. இதுக்குப் பதில் சொல்ற பிள்ளை நம்ம ஊரை நம்மைவிட நல்லாப் பார்த்திருக்குன்னு அர்த்தம்.

பி.கு: அன்னைக்கு ராத்திரி படத்தை மறுபடி எடுத்து உட்கார்ந்தா. காலையில் பார்த்தேன். வாள் இல்லை, கிரீடம் இல்லை. கழுத்தில் புதுசா ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு விசில்.