முதியோரும் பரிசுப் போட்டியும்

அமெரிக்காவில் 'தி பிரைஸ் இஸ் ரைட்' என்ற தொலைக்காட்சிப் போட்டி 1972 செப்டம்பர் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. பாப் பார்க்கர் என்பவர் அதை 35 ஆண்டுகள் நடத்தி, 2007இல் தமது 83ஆம் வயதில் ஓய்வு பெற்றார். பகல் வேளையில் வரும் இந்தப் போட்டியை விடாமல் பார்க்கிறவர்களில் முதியவர்கள் ஏராளம்.

"வயதான காலத்தில் இவர்களுக்கு என்ன பேராசை!" என்று கேலி செய்வோர் உண்டு. நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

போட்டிதான் என்ன? சோப்பு, டப்பா உணவு, அடுப்பு என்று ஏதாவதொரு சாமானைக் காட்டுவார்கள். அதன் விலையைச் சொல்ல வேண்டும். உண்மை விலையைத் தாண்டாமல், அதை மிகவும் நெருங்கிச் சொன்னவருக்கு வெற்றி. இதற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை. நாற்பது வருஷம் சம்பளப் பணத்தை எண்ணி எண்ணிக் குடும்பம் நடத்திய தாய்க்கு இது அத்துபடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. பிள்ளைகளோ தூர ஊரில். இந்தப் பெட்டி மட்டும் தினமும் குறித்த நேரத்தில், தெரிந்த முகத்தோடு வந்து, அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிறது. நாற்காலியில் இருந்தபடியே விடை சொல்கிறார். சரியாக இருந்தால் தலை நிமிர்கிறது. இதில் என்ன தவறு?

தவறு வேறிடத்தில் இருக்கிறது. 1950களில் அங்கே 'ட்வென்டி ஒன்' என்ற கேள்விப் போட்டி கொடிகட்டிப் பறந்தது. அதற்குப் பணம் கொடுத்தது 'ஜெரிடால்' என்ற டானிக்கை விற்ற கம்பெனி. "ரத்தம் களைத்துவிட்டது, டானிக் குடியுங்கள்" என்பது அதன் பிரசாரம். போட்டியில் புகழ் பெற்ற சார்ல்ஸ் வான் டோரன், கேள்வியும் விடையும் தமக்கு முன்கூட்டியே தரப்பட்டதாக 1959இல் பிரதிநிதிகள் சபைக் கமிட்டி முன் ஒப்புக்கொண்டார். இத்தகைய மோசடியைத் தடுக்க 1960இல் சட்டமே வந்தது. டானிக் விளம்பரமும் மக்களை ஏமாற்றுவதே என்று 1960களில் அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் தீர்ப்பளித்தது.

மோசடி போயிற்று, வியாபாரம் போகவில்லை. 18 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கே விளம்பரச் சந்தையில் நல்ல விலை. முதியவர்களுக்கு மதிப்பில்லை, அவர்களுடைய நோய்க்கு மட்டும் கிராக்கி! 1997இல் அமெரிக்க சர்க்கார் விதிகளைத் தளர்த்திய பிறகு, டாக்டர் சீட்டுக்கு மட்டுமே கிடைக்கும் மருந்துகளும் அங்கே தொலைக்காட்சியில் தாராளமாக விளம்பரமாகின்றன.

2000இல் 'கோன் பனேகா குரோர்பதி', 2012இல் தமிழில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று இந்தப் போட்டிகள் நம் வீடுகளுக்கும் வந்தன. பெட்டியை அணைக்கச் சொல்லி முதியவர்களை அதட்டுவது பரிகாரம் ஆகாது. கௌரவமான ஓய்வூதியம், செலவில்லாத வைத்தியம், கூடிப் பேச ஓர் இடம்: இவற்றுக்காகப் போராட வேண்டும்.

அதற்கு முன், இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் அந்தப் பழைய ஆலைத் தொழிலாளியைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். வயலில் முதுகொடிந்த அந்தத் தாயின் அருகே உட்காருங்கள். அந்தக் காலத்தில் கூலி என்ன, அதை எப்படி உயர்த்தினீர்கள் என்று கேளுங்கள். எந்தப் போட்டியிலும் கேட்கப்படாத கேள்வி அது. விடை அவர்களிடம்தான் இருக்கிறது.