பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும்?

பனமரத்துப்பட்டியில் அதிகாலையில் அரளி மொட்டுப் பறிக்கச் செல்லும் பெண்கள், தோட்டத்து மரக்கிளையில் பழஞ்சேலையால் தூளி கட்டிக் கைக்குழந்தையை அதில் கிடத்திவிட்டு வேலையைத் தொடங்குவது நான் சிறு வயது முதல் கண்டுவரும் காட்சி. பத்துப் பேர் பேசும் சப்தத்தினிடையே தன் தாயின் குரலை மட்டும் பிரித்தறிந்து அழுகையை நிறுத்தும் சிசுவை அவர்கள் தினந்தோறும் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தின் தொட்டிலில் விடப்பட்ட ஒரு பெண் குழந்தை கடல் கடந்து வேற்று நாட்டுக் குடும்பத்துக்குத் தத்துப் போகிறது என்ற பேச்சு எழுந்தால், அதே பெண்களும் அவர்களைவிட அதிகம் படித்தவர்களும், “குடுத்து வெச்ச புள்ளைங்க, பச்சைக் குழந்தைக்கு என்னங்க தெரியும், போன எடத்துல பழகிக்கும்” என்று ஒரே குரலில் சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இந்த வார்த்தை கருணையிலிருந்து பிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இது உண்மையன்று என்பதையும், இதனால் விளைந்த தீங்கு பெரிது என்பதையும் சொல்லாமலிருக்க என் மனம் இடந்தரவில்லை.

தாயின் கருவிலிருந்தபடியே நாரதரின் உபதேசத்தைப் பிரகலாதன் கேட்டான் என்று நம்பும் ஜனங்கள் நாம். கருவுற்ற பெண்ணின் இரு கைகளிலும் வளையல்களை அடுக்கி, அவற்றின் ஓசை உள்ளிருக்கும் சிசுவுக்குக் கேட்கும் என்று பாட்டிமார் சொல்ல, வளைகாப்பு நடத்துகிறவர்கள் நாம். சந்தையில் பிடித்து வந்த கன்று இரண்டு நாள் தீனியைத் தொடாமல் கத்தினால், “தாயத் தேடுது, உட்டுடு” என்று சொல்லி அதன் கழுத்தைத் தடவிக்கொடுக்கும் குடியானவனுக்கு, கன்றுக்குள்ள துக்கம் மனிதக் குழந்தைக்கு இராது என்று எவர் கற்பித்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

நம் பாட்டிமார் அறிந்ததைச் சாஸ்திரமும் மெல்ல மெல்ல வந்தடைந்திருக்கிறது. பிறந்து மூன்று நாள்கூட நிறையாத சிசுக்கள், தாயின் குரலைக் கேட்கும்பொருட்டுத் தாம் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டன என்று 1980-இல் அமெரிக்காவில் நடந்த பரிசோதனை காட்டிற்று. கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப் போய் வளர்ந்தவர்களின் மூளையில் பழைய பாஷையின் சுவடே இல்லை என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் 2014-இல், சுமார் ஒரு வயதில் சீனாவிலிருந்து கனடாவுக்குத் தத்துப் போய், பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் பேசவோ புரிந்துகொள்ளவோ அறியாத சிறுமிகளுக்குச் சீன மொழியின் ஸ்வரங்களைக் கேட்பித்தபோது, சீனமும் பிரெஞ்சும் பேசுகிற குழந்தைகளின் மூளை எவ்வாறு அவற்றை ஏற்றதோ அவ்வாறே இவர்களுடையதும் ஏற்றது. 2017-இல் நெதர்லாந்தில், கொரியாவிலிருந்து தத்து வந்து பெரியவர்களாகிவிட்டவர்கள், மறந்தே போன அப்பாஷையின் ஒலிகளை மற்றவர்களைவிட நன்றாக உச்சரிக்கக் கற்றார்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தில் வந்தவர்களுக்கும், பதினேழு மாதம் கடந்து வந்தவர்களுக்கும் இதில் வித்தியாசம் காணப்படவில்லை என்பதைப் படித்த அன்று, தூளியில் கிடக்கும் நம் குழந்தைகளை நினைத்து நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதச் சிசுவுக்கு என்ன தெரியும் என்றா கேட்கிறோம்? அதன் செவி ஒரு பாஷைக்கே வீடாகிவிட்டது.

இனி அந்தக் குழந்தை புதிய வீட்டை அடையும் நாளை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அங்கே தொட்டில் புதிது, துணி புதிது, சோப்பின் வாசனை புதிது, குளிர் புதிது. “கண்ணு”, “சாமி” என்று அதை அழைத்த காப்பகத்து ஆயாவின் குரல் எங்குமில்லை. வாசலில் உற்றாரும் அயலாரும் பரிசுப் பொருள்களோடு நிற்கிறார்கள், ஆசை மிகுதியால் கைக்குக் கை மாற்றி ஏந்திக்கொள்கிறார்கள். இரவில் குழந்தை ஓயாமல் அலறும்போதோ, அதைவிடக் கொடிதாக, அழாமலேயே சுவரைப் பார்த்துக் கிடக்கும்போதோ, அதற்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிய பெற்றோர் வயிற்றுவலி என்று எண்ணி வைத்தியரிடம் ஓடுகிறார்கள், அல்லது நம்மை இதற்குப் பிடிக்கவில்லையே என்று மனமொடிந்து போகிறார்கள். அது துக்கம் காக்கிறது என்று முன்கூட்டியே அறிந்தவர்கள் வேறு விதமாக நடப்பார்கள்: அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கொண்டுபோவார்கள், ஆயா பாடிய தாலாட்டை அவள் குரலிலேயே பதிவுசெய்து வாங்குவார்கள், முதுகைத் தட்டினால் உறங்குமா, காலில் போட்டு ஆட்டினால் உறங்குமா என்று கேட்டறிவார்கள், சில வாரங்கள் விருந்தினரை விலக்கி, தாம் இருவரே பாலூட்டித் தாமே தூக்கிச் சுமப்பார்கள், அதன் பழைய பெயரை முற்றிலும் எடுத்தெறியாமல் புதுப் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். இதற்கெல்லாம் பெரும் செலவில்லை. குழந்தைக்கு ஒரு முன்கதை உண்டு என்ற எண்ணம் ஒன்றுதான் தேவை.

அந்த எண்ணம் நம்மிடத்திலும் இல்லாமற்போனதன் பலனையே இன்று காண்கிறோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது, குழந்தையைத் தொட்டிலில் விட்டுச் செல்லும் தாயை எவரும் எதுவும் கேட்கலாகாது என்று வைத்தது மகத்தான தயை. அதனால் உயிர்கள் பிழைத்தன, அதை நான் குறைகூறேன். ஆனால் தாயின் பெயரைக் கேளாமை வேறு. குழந்தை எந்தத் துணியில் சுற்றப்பட்டிருந்தது, இடுப்பில் என்ன கயிறு இருந்தது, எந்த நேரத்தில் வந்தது, எந்தப் பாட்டுக்கு உறங்கிற்று என்பதைக்கூட எழுதிவைக்காமை வேறு. முன்னது காருண்யம், பின்னது அசிரத்தை. அந்த அசிரத்தைக்கு “அதற்கென்ன தெரியும்” என்ற வாக்கியமே சமாதானமாக நின்றது. வஞ்சகருக்கும் அதுவே அரணாயிற்று. சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட பிள்ளைகள் போலிப் பத்திரங்களோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குத் தத்தாகச் சென்றது 2005-இல் போலீஸ் விசாரணையில் வெளிப்பட்டது. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து முன்னாளில் நடந்த தத்துகளில் கடுமையான முறைகேடுகள் மலிந்திருந்தன என்று நெதர்லாந்து அரசு நியமித்த குழுவே 2021-இல் அறிவித்தது.

நாடு கடந்த தத்து பற்றி 1993-இல் உருவான ஹேக் உடன்படிக்கையின் 30-ஆவது விதி, குழந்தையின் பூர்வீகத்தைப் பற்றிய விவரங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டுமென்கிறது. இந்தியா அதை 2003-இல் ஏற்றுக்கொண்டது. தத்துப் போனவர்கள் தம் வேர்களைத் தேடி வருவதை நம் நாட்டு விதிகளும் இப்போது ஒப்புக்கொள்கின்றன. ஆனால் எழுதப்படாத விவரத்தை எந்த விதி மீட்டுக்கொடுக்கும்?

அந்த 1992-ஆம் ஆண்டில் சேலத்துத் தொட்டிலில் கிடந்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டார்கள். பெரும்பாலோர் இந்நாட்டுக் குடும்பங்களிலும், சிலர் கடலுக்கு அப்பாலும் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, நமக்கு விளங்காத பாஷையில், தான் இங்கே இருந்த அந்தச் சில மாதங்களைப் பற்றிக் கேட்பாளாயின், அலமாரியிலிருந்து எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டாமா?