தூரம் குறையும்... வெளிச்சமும் குறையும்!



நம்ம சங்கத்தின் புகைப்படக் குழுவுக்கு ஒரு ‘டபுளர்’ வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. "நம்மகிட்ட இருக்கிற 300 எம்.எம். லென்ஸ் 600 ஆயிடும்டா, விளையாட்டு விழாவுக்கு சூப்பரா இருக்கும்" என்கிறார்கள். வாங்குமுன் ஒரு நிமிடம் யோசிப்போம் என்பது என் தாழ்மையான கருத்து. ஏனென்றால் நான் ஏற்கெனவே சூடு கண்ட பூனை!

சனி, ஞாயிறுகளில் எங்க ஊர் ஸ்டுடியோ ஒன்றில் லைட் பிடிக்கப் போவேன். கல்யாண வேலைகளில் மிச்சம் பிடித்த காசில், போன மார்கழியில் பழைய டபுளர் ஒன்றை வாங்கினேன். ஸ்டுடியோ அண்ணனிடம் கேமராவையும் 70-300 லென்ஸையும் இரவல் வாங்கிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் பஸ் ஏறினேன். பொழுது சாயும் நேரம் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா என்று கூட்டம் கூட்டமாகத் திரும்பின. சுட்டுத் தள்ளினேன்!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கொத்தனார், பள்ளிக்கூடம் போனதில்லை. நான் படிப்பதில் அவருக்கு அத்தனை பெருமை. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பறவை எங்கப்பா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைக் கணக்குப் போட வைத்தது.

டெலிகன்வர்ட்டர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற சின்னக் குழாய். 2 எக்ஸ் என்றால் அதைத்தான் டபுளர் என்கிறோம். உள்ளே இருக்கும் கண்ணாடிகள் சேர்ந்து குழிலென்ஸ் போல வேலை செய்யும். முதல் வருட இயற்பியலில் படித்தோமே, அதேதான்! குவிந்து வரும் ஒளியைச் சற்று விரித்துப் பிம்பத்தைப் பெரிதாக்குகிறது. நீளத்தில் 2 மடங்கு, அகலத்தில் 2 மடங்கு. ஆக பரப்பில் 4 மடங்கு. ஆனால் முன்கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் கூடவில்லையே? ஒருத்தன் சோற்றை நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்குக் கால் வயிறுதானே!

அதனால் எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடுகிறது. அன்று டபுளர் இல்லாமல் 1/250 வினாடியில் எடுத்திருக்கலாம். மாட்டியதால் 1/60 ஆனது. ஆனால் 600 எம்.எம்.மைக் கையில் பிடித்து எடுக்க 1/600 ஆவது வேண்டும் என்பது ஸ்டுடியோக் கணக்கு. வேண்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. பறவை எங்கே தெரியும்? போதாக்குறைக்குப் பல எஸ்.எல்.ஆர். கேமராக்களில் எஃப் 5.6-ஐத் தாண்டினாலே ஆட்டோஃபோகஸ் தடுமாறும். இப்போதைய மிரர்லெஸ் சில எஃப் 11-லும் சமாளிக்கும். நம்மிடம் இருப்பது பழைய எஸ்.எல்.ஆர். ஆச்சே!

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்ப்ளிஃபையர் சிக்னலை மட்டுமா பெருக்குகிறது? நாய்ஸையும் சேர்த்துத்தான். டபுளரும் லென்ஸின் குறையைச் சேர்த்தே பெரிதாக்கும்.

அதற்காக டெலிகன்வர்ட்டரே வீண் என்று சொல்ல மாட்டேன். 1.4 எக்ஸ் போட்டால் பாதி வெளிச்சம்தான் போகும். 300 எஃப் 4 லென்ஸ், 420 எஃப் 5.6 ஆகும். தனியாக ஒரு 400 வாங்க நம்மால் ஆகுமா? கிட்டப்போய் ஃபோகஸ் செய்யும் தூரமும் மாறாது என்பதால் தும்பி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் பெரிதாகக் கிடைக்கும். நல்ல லென்ஸுக்கு அது நல்ல துணை.

ஆனால் நம்ம குழுவிடம் இருப்பதும் அதே 70-300 தான். கடைசி ரிலே ஓட்டம் நடக்கும்போது சூரியன் இறங்கிவிடும். ‘ஸ்டாண்ட் போட்டுக்கலாம்’ என்பவர்களுக்கு: ஸ்டாண்ட் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஓடுகிறவனை நிறுத்துமா?

ஆகவே நான் சொல்வது இதுதான். டபுளர் வேண்டாம். கயிற்றுப் பக்கமாகப் போய் நின்று வெறும் லென்ஸிலேயே எடுப்போம். அப்புறம் வேண்டியதை வெட்டிக்கொள்வோம். 24 மெகாபிக்சல் படத்தில் 600-க்குச் சமமாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும்; எட்டுக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கு அது தாராளம். காசைச் சேர்த்து வைப்போம். எஃப் 4 லென்ஸ் வாங்கும் நாள் வந்தால் 1.4 எக்ஸையும் வாங்குவோம்.

தை மாதம் மறுபடி வேடந்தாங்கல் போனேன். டபுளரை வீட்டிலேயே வைத்துவிட்டு, நல்ல காலை வெயிலில், கரையில் பொறுமையாகக் காத்திருந்து எடுத்தேன். படத்தைப் பார்த்ததுமே அப்பா, "நத்தைக்குத்தி! நம்ம வயல்ல நிக்குமே" என்றார். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நண்பர்களே! அடுத்த மலரில் நம்ம ஓட்டக்காரர்கள் படத்தைப் பார்த்து, யாருடைய அப்பாவும் "ஆள் எங்கப்பா?" என்று கேட்கும்படி ஆகக் கூடாது. சிந்திப்போம்!

– இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்