குரல் கொடுத்தவருக்குப் பெயரும் வேண்டும், பங்கும் வேண்டும்

டெலிவிஷனில் கார்ட்டூன் ஓடும்போது குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பயனில்லை என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். கேரட்டைக் கடித்துக்கொண்டு கிண்டல் பேசும் முயல், பூங்காவில் பிக்னிக் கூடையைத் திருடும் கரடி, பேயைக் கண்டால் நடுங்கும் நாய் எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அத்துப்படி. ஆனால் அந்த முயலாகப் பேசியவர் யார், கரடியாகப் பேசியவர் யார் என்று கேட்டால் ஐம்பது வயதுக்காரருக்கும் பதில் தெரியாது.

சித்திரம் தானாகப் பேசுவதில்லை. ஓர் அறையில் மைக்கின் முன்னால் நின்று யாரோ ஒருவர் தொண்டை வலிக்கப் பேசியிருக்கிறார். அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்காமல் போயிற்று என்பது வெறும் சினிமா வம்பு அல்ல. மாதச் சம்பளத்துக்கும் தினக்கூலிக்கும் உழைப்பை விற்று வாழும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய கூலிக் கணக்கு அது.

வரைவது குறைந்தது; பேசுவது கூடியது

ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். கம்பெனிக்காக வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் 1940இல் தொடங்கிய பூனை, எலிப் படங்களே 'டாம் அண்ட் ஜெர்ரி'. அவற்றில் பேச்சு மிகக் குறைவு. அடிபட்ட பூனை போடும் அலறல் கூட ஹன்னாவின் சொந்தக் குரல்தான். ஓட்டமும் துரத்தலும் சித்திரத்திலேயே இருந்தன. சில நிமிடப் படத்துக்கு ஆயிரக்கணக்கான சித்திரங்கள் வரைய வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் திரையரங்கு வருமானம் தாங்கியது.

1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. ஹன்னாவும் பார்பெராவும் சொந்தக் கம்பெனி தொடங்கி டெலிவிஷனுக்குப் படம் எடுக்கத் துணிந்தார்கள். டெலிவிஷனில் கிடைத்த பணமோ சினிமாவில் கிடைத்ததில் சிறு பகுதிதான். ஆகவே சித்திரத்தில் சிக்கனம் பிடித்தார்கள். உடல் அப்படியே நிற்க, வாயும் கண்ணும் மட்டும் அசையும். ஓடும்போது பின்னால் அதே மரமும் அதே வீடும் மறுபடி மறுபடி வரும். யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் ஏன் என்றால், தலையைத் தனியாக வரைந்து அசைத்தால் ஒட்டு தெரியக் கூடாது என்பதற்காகத்தான்.

சித்திரம் செய்ய வேண்டிய வேலை குறைந்தபோது அந்தப் பாரம் முழுவதும் குரலின் தலையில் விழுந்தது. யோகி கரடிக்கு டாஸ் பட்லர் குரல் கொடுத்தார். அதன் குட்டித் தோழன் பூ-பூவுக்கும், பூங்காக் காவலருக்கும் டான் மெசிக் என்ற ஒருவரே குரல் கொடுத்தார். திரையில் மூன்று பேர் சண்டை போடுவார்கள். அறையில் இருந்ததோ இரண்டு பேர். 1969இல் வந்த ஸ்கூபி டூ நாயும் மெசிக்கின் குரல்தான்.

இந்தக் கம்பெனியின் புகழ்பெற்ற தொடர் 'தி பிளின்ட்ஸ்டோன்ஸ்'. கற்கால மனிதர்கள் இக்காலக் குடும்பம் நடத்துவதாகக் கற்பனை. 1960 செப்டம்பர் 30 முதல் 1966 வரை 166 பகுதிகள் வந்தன. கதாநாயகன் பிரெட்டின் 'யாபா டாபா டூ' என்ற கூச்சலை உலகமே அறியும். எழுதிக் கொடுத்த வசனத்தில் அது இல்லை. 'யாஹூ' என்றுதான் இருந்தது. குரல் கொடுத்த ஆலன் ரீட், ஒலிப்பதிவின்போது இப்படிச் சொல்லலாமா என்று கேட்டு, தானாகச் சேர்த்தது அது. கம்பெனிக்கு அடையாளமாகிவிட்ட ஒரு சொல் கூலிக்குப் பேச வந்தவரின் வாயில் பிறந்தது.

அதே தொடரில் பக்கத்து வீட்டு பார்னியாகப் பேசியவர் மெல் பிளாங்க். 1961 ஜனவரியில் கார் விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடந்தார். சில பகுதிகளுக்கு டாஸ் பட்லர் அவருக்குப் பதிலாகப் பேசிச் சமாளித்தார். நினைவு திரும்பிய பிறகு, உடல் முழுதும் மாவுக்கட்டோடு படுத்திருந்த பிளாங்கின் முகத்துக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். சித்திரக்காரருக்கு விடுமுறை கொடுத்துவிட்டு வேறொருவரைக் கொண்டு வரையலாம். குரல்காரர் படுத்த படுக்கையாக இருந்தாலும் அவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

சம்பள உயர்வு கேட்டார், பெயர் கிடைத்தது

இதே மெல் பிளாங்க் அதற்கு முன் வார்னர் பிரதர்ஸ் படங்களில் பக்ஸ் பன்னி முயலாகவும், டாஃபி வாத்தாகவும், போர்க்கி பன்றியாகவும் பேசிப் புகழ்பெற்றவர். திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்ட அப்படங்களே பின்னர் டெலிவிஷனுக்கு வந்தன. நாற்பதுகளில் அவர் முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்டார். முதலாளி மறுத்துவிட்டார். அப்படியானால் திரையில் என் பெயரையாவது போடுங்கள் என்றார் பிளாங்க். காசு செலவில்லாத சலுகை ஆதலால் முதலாளி சம்மதித்தார். 1944இல் இருந்து படங்களில் அவர் பெயர் வந்தது. பெயரைப் பார்த்து ரேடியோ வாய்ப்புகள் அவரைத் தேடி வந்தன. பெயர் என்பது வெறும் பெருமை அன்று. அடுத்த வேலைக்கான சான்றிதழ் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இதில் ஒரு வருத்தமும் உண்டு. பிளாங்குக்குக் கிடைத்த உரிமை அவரோடு நின்றுவிட்டது. அதே படங்களில் வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டாகப் பேசிய ஆர்தர் கியூ. பிரையன் 1959இல் இறக்கும்வரை அந்தக் குரலைக் கொடுத்தார். அவர் பெயர் பெரும்பாலும் திரையில் வரவில்லை. கிழவிப் பாத்திரத்துக்குப் பேசிய ஜூன் ஃபோரே நூறு வயதை நெருங்கும்வரை வாழ்ந்து 2017இல் மறைந்தவர். அந்தப் பழைய படங்களில் அவர் பெயரும் பெரும்பாலும் இல்லை. எல்லாக் குரல்களும் மெல் பிளாங்கே என்று உலகம் நம்பியது. தனி ஒருவர் தனக்காகப் பேசி வாங்கும் சலுகை பக்கத்தில் நிற்பவருக்குப் பயன்படுவதில்லை. தொழிற்சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

மொத்தமாக வாங்கிய தொகை

பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் மனைவி வில்மாவாகப் பேசியவர் ஜீன் வாண்டர் பில். ஒரு பகுதிக்கு 250 டாலர் கூலி. 1966இல் தொடர் முடிந்தபோது, மறுஒளிபரப்புக்கான பங்குக்குப் பதிலாக மொத்தமாக 15,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். அன்று அது கைநிறையப் பணம். அவர் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்தத் தொடர் உலகெங்கும் பல பத்தாண்டுகள் ஓடியது. பங்கு மட்டும் கிடைத்திருந்தால் தான் குடியிருக்கும் ஊரையே விலைக்கு வாங்கியிருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. 1999இல் அவர் காலமானார். வில்மா இன்றும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அவரை ஏமாளி என்று சொல்வது நியாயமல்ல. கையில் வரும் மொத்தத் தொகையையும், எப்போது வரும் என்று தெரியாத பங்கையும் எதிரெதிரே வைத்தால் மாதக் கடைசியில் வாழ்பவர் எதை எடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மில்லை மூடும்போது கொடுத்த தொகையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் மும்பையில் எத்தனையோ பேர். மொத்தத் தொகையை நீட்டுபவருக்குப் பின்னால் வரப்போகும் லாபம் தெரிகிறது, வாங்குபவருக்குத் தெரிவதில்லை. பேரம் சமமாக இல்லாததற்கு அதுவே காரணம்.

எதிர்த் தரப்பு சொல்வது

படத் தயாரிப்பாளர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. கட்டடம் கட்டிய கொத்தனார் மாதாமாதம் வாடகையில் பங்கு கேட்கிறாரா? பேசியது ஒரு நாள். அந்த நாளுக்குக் கூலி கொடுத்தாயிற்று. படம் ஓடாவிட்டால் நஷ்டம் முதலாளிக்குத்தானே என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொத்தனார் கட்டிய வீடு இன்னொரு வீட்டின் வேலையைக் கெடுப்பதில்லை. கார்ட்டூன் அப்படியல்ல. பழைய படத்தை மறுபடி ஓட்டும் ஒவ்வொரு அரைமணியும் புதிய படம் ஓடியிருக்க வேண்டிய அரைமணி. குரல்காரர் நேற்றுப் பேசியதே இன்று அவருடைய வேலையைப் பறிக்கிறது. விளம்பர வருமானமோ மறுபடியும் வருகிறது. ஆகவே மறுஒளிபரப்புக்குப் பங்கு கேட்பது பிச்சையல்ல, இழந்த வேலைக்கு ஈடு.

அமெரிக்க நடிகர் சங்கம் இதைச் சொல்லித்தான் போராடியது. டெலிவிஷன் மறுஒளிபரப்புக்குக் கால வரம்பின்றிப் பங்கு தர வேண்டும் என்ற விதி 1974 ஒப்பந்தத்தில்தான் வந்தது. வாண்டர் பில் கையெழுத்துப் போட்டு எட்டு ஆண்டு கழித்து! ஒற்றுமையின் பலன் 1998இலும் தெரிந்தது. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஆறு முக்கியக் குரல் நடிகர்கள் கூடுதல் ஊதியம் கேட்டனர். வேறு ஆட்களைக் கொண்டு பேசவைப்போம் என்று கம்பெனி மிரட்டியது. ஆறு பேரும் பிரியாமல் நின்றார்கள். பகுதிக்கு 30,000 டாலராக இருந்த ஊதியம் 1,25,000 டாலர் ஆயிற்று. எல்லாக் குரல்காரர்களுக்கும் அந்த யோகம் இல்லை என்பது உண்மை. ஆனால் பிளாங்க் தனியாகப் போய் வாங்கியது பெயர். இவர்கள் சேர்ந்து போய் வாங்கியது ஊதியம்.

இங்கே என்ன நிலை?

இந்தியாவில் 1995 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் வந்த பிறகு இந்தப் பழைய பாத்திரங்கள் வீடு வீடாகப் புகுந்தன. அவை மெல்ல மெல்ல இந்தியும் தமிழும் பேசத் தொடங்கின. 2007இல் சன் குழுமம் சுட்டி டி.வி. தொடங்கியபோது குழந்தைகளுக்கென்றே முழுநேரத் தமிழ்ச் சானல் கிடைத்தது. தாராவியிலும் செம்பூரிலும் இந்தியிலும் மராத்தியிலும் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள், வீட்டுக்கு வெளியே காதில் விழும் நல்ல தமிழை இப்படித்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மொழியைப் பெயர் தெரியாத டப்பிங் கலைஞர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

அவர் பெயர் திரையில் வருகிறதா? அநேகமாக இல்லை. வெளிநாட்டு மூலப் படத்தின் பெயர்ப்பட்டியல் ஆங்கிலத்தில் வேகமாக ஓடும். அதுவும் பாதியில் வெட்டுப்பட்டு விளம்பரம் வந்துவிடும்.

சட்டம் கலைஞரை முற்றிலும் கைவிடவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் பெயரைச் சொல்லும்படி கோரும் உரிமையும், வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமையும் எழுதப்பட்டன. ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்குமே போடப்படாமல் இருந்தால், பெரும்பாலான உரிமைகளுக்கு அவர் கலைஞராகக் கருதப்பட மாட்டார். பெயர் போடாத வழக்கம் நீடித்தால், நாளை அந்த வழக்கத்தையே காட்டி உரிமையையும் மறுக்க இடமுண்டு. எழுத்து வடிவில் பெயர் வரவேண்டும் என்று கேட்பதன் அவசியம் இதுதான்.

வாயில்லாமல் பேசும் யந்திரம்

இப்போது புதிய ஆபத்து ஒன்று வந்திருக்கிறது. ஒருவருடைய குரலைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, அவர் பேசாத வசனத்தையும் அவர் குரலிலேயே பேசும் கம்ப்யூட்டர் யந்திரங்கள் வந்துவிட்டன. பிளாங்கின் படுக்கைக்கு மேலே மைக்கைக் கட்ட வேண்டிய தேவை இனி முதலாளிக்கு இல்லை.

அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்பவர்கள் இதை எதிர்த்து 2024 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்மதமின்றிக் குரலை நகல் எடுக்கக் கூடாது, எடுத்தால் கூலி தர வேண்டும் என்பது கோரிக்கை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், 2025இல் பாதுகாப்பு விதிகளுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இங்கே, பாடகர் அரிஜித் சிங்கின் குரலை யந்திரம் கொண்டு நகல் எடுப்பதற்கு மும்பை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. நல்ல உத்தரவு. ஆனால் புகழ்பெற்ற பாடகர் கோர்ட்டுக்குப் போக முடியும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் டப்பிங் கலைஞர் போக முடியுமா? இது இன்னார் குரல் என்று நிரூபிக்கவே அவரிடம் திரையில் வந்த ஒரு பெயர் கிடையாதே!

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். குழந்தைகள் சானல்கள் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் குரல் கொடுத்தவர்களின் பெயரைத் தமிழில், படிக்கிற வேகத்தில் காட்ட வேண்டும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. டப்பிங் ஒப்பந்தங்களில் மறுஒளிபரப்புப் பங்கு தனியாக எழுதப்பட வேண்டும். யந்திரத்துக்குக் குரலைக் கொடுக்கும் சம்மதம் தனித் தாளில், தனிக் கூலியுடன், இத்தனை காலத்துக்கு என்ற கெடுவுடன் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் அல்ல.

இந்த நகரத்தில் குரல் வளமுள்ள தமிழ் இளைஞர்களும் பெண்களும் பலர் இருக்கிறார்கள். ஆபீஸ் முடிந்தபின் அந்தேரிப் பக்கம் ஸ்டூடியோக்களில் வாய்ப்புத் தேடுகிறவர்களும் உண்டு. வாய்ப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் நீட்டிய தாளில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாமல், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்துப் பார்ப்பது நல்லது. பதினைந்தாயிரம் டாலரோ பதினைந்தாயிரம் ரூபாயோ, எவ்வளவு காலத்துக்கு எதை விற்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.